கலப்பில்லாத கல் கேட்டு ஆனைமலைக்குப் போனது

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு மன்னார்குடி ஸ்டேஷனில் வண்டி ஏறினோம். நாங்கள் இரண்டு பேர். நான், மன்னார்குடிக்கு நாலு மைல் தள்ளி ஒரு கிராமத்து மிடில் ஸ்கூலில் கணக்கும் பிரகிருதி சாஸ்திரமும் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். மற்றவர் ரத்தினம் பிள்ளை. எங்கள் பள்ளிக்கூடத்து மானேஜரும் ஊர்ப் பிள்ளையார் கோயில் தர்மகர்த்தாவும் ஒரே ஆள்; அவருடைய மைத்துனர் இவர். பிள்ளையின் மடியில் ஒரு மஞ்சள் பை இருந்தது. அதற்குள் தேங்காய் அளவில் ஒரு கருங்கல் துண்டு. என் கோட்டுப் பையில் கொட்டைப்பாக்கு அளவில் இன்னொரு துண்டு. அவர் பையில் இருப்பது எனக்குத் தெரியும். என் பையில் இருப்பது அவருக்குத் தெரியாது. 

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் கல் கிடையாது. கிணறு தோண்டினால் களிமண், அதற்குக் கீழே மணல், அதற்குக் கீழே தண்ணீர். கல் என்று ஒன்று வேண்டுமானால் வீட்டு அம்மியையும் ஆட்டுக்கல்லையும் கோயிலையும்தான் பார்க்க வேண்டும். போன வருஷம் இன்ஸ்பெக்டர் வருகிறார், பாடத்துக்கு மாதிரிக் கற்கள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நான் ஒரு மரப் பெட்டி செய்து அறை அறையாகத் தடுத்தேன். உப்பு வைத்தேன், சுண்ணாம்பு வைத்தேன், உடைந்த சிலேட்டு வைத்தேன், ஆற்று மணல் வைத்தேன். 'கருங்கல்' என்று சீட்டு ஒட்டிய அறை மட்டும் காலியாக இருந்தது. அம்மியில் ஒரு ஓரம் தட்டிக்கொள்கிறேன் என்று வீட்டில் கேட்டேன். தட்டினால் அன்றைக்குச் சோறு கிடையாது என்று பதில் வந்தது.

அதற்கப்புறம் நான் செய்ததை எழுத இப்போதும் கை கூசுகிறது. குளக்கரைப் பிள்ளையார் திறந்தவெளியில் அரசமரத்தடியில் உட்கார்ந்திருப்பவர். உச்சி வெயிலில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, கொல்லுப்பட்டறையில் கேட்டு வாங்கிய உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போனேன். பின்பக்கம், பீடத்தின் மூலையில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் ஒரு சில்லு எடுத்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் வந்தார், பெட்டியைப் பார்த்தார், நன்று என்று எழுதினார். ஐப்பசி மழை கழிந்து, அபிஷேகத்துக்குத் தண்ணீர் ஊற்றும்போது அந்த மூலை மொத்தமாகப் பிளந்து கீழே விழுந்தது. விரிசல் மூர்த்தியின் முதுகு வரைக்கும் ஓடியிருந்தது.

பின்னப்பட்ட சிலைக்குப் பூஜை கிடையாது, ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்று குருக்கள் சொல்லிவிட்டார். ஊர் கூடியது. என்ன தெய்வக் குற்றமோ என்று ஆளுக்கு ஆள் கலங்கினார்கள்.  யாரோ என்னைப் பார்த்து, "வாத்தியார் கல்லைப் பத்திப் படிச்சவராச்சே" என்றார். எழுந்து நின்றேன். என் பூதக்கண்ணாடி வில்லையால் உடைந்து விழுந்த மூலையைக் காட்டி, இதில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு என்று மூன்று தினுசு கலந்திருக்கிறது, நல்ல கல் ஒரே பொருளால் ஆனதாக இருக்க வேண்டும், இது கலப்புக் கல், அதனால்தான் உடைந்தது என்றேன். புத்தகத்தில் தாதுவைப் பற்றி ஒரு பாடம் உண்டு. எங்கே உடைத்தாலும் ஒரே பொருளாக இருப்பது தாது என்று போட்டிருக்கும். பாறையைப் பற்றி அடுத்த பாடம். தாதுவுக்குச் சொன்னதைப் பாறையின் தலையில் கட்டிவிட்டேன். அது பொய் என்று அப்போது எனக்கு முழுக்கத் தெரியாது. பாதி தெரியும்.

கூட்டத்துத் தீர்மானத்தையும் நானே என் கையால் எழுதினேன். ஒரே பொருளால் ஆன, கலப்பில்லாத கல்லில் புதிய மூர்த்தி செய்ய வேண்டும். பழைய சிலையைச் செய்தது மதுரைக்குப் பக்கத்தில் ஆனைமலை அடிவாரத்துப் பெரியகருப்பன் என்ற கல்தச்சர்; அவர் கலப்புக் கல்லைக் கொடுத்து ஏமாற்றிவிட்டபடியால் அவர் வம்சத்தார் புதிய சிலையை இனாமாகச் செய்து தர வேண்டும். இதைக் கேட்டு வர ரத்தினம் பிள்ளை. கல்லைச் சோதித்து எடுக்க நான். மூர்த்தியை ஆற்றில் விட்டபோது, மாதிரிக்கு இருக்கட்டும் என்று உடைந்த மூலையை மட்டும் எடுத்துவைத்திருந்தார்கள். அதுதான் மஞ்சள் பையில் இருந்தது. நான் ஊரில் இல்லாத சமயம் யாராவது பெட்டியைத் திறந்து பார்த்துவிடுவார்களோ என்று பயந்து சில்லை நான் கோட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

நீடாமங்கலத்தில் வண்டி மாறினோம். அங்கிருந்து மதுரைக்கு மூன்றாம் வகுப்பு ஆளுக்கு மூன்று ரூபாய் இரண்டணா. தஞ்சாவூர் போகிற வரைக்கும் வாய்க்கால் பாலங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு பாலத்திலும் சில்லை வெளியே எறிந்துவிடலாம் என்று கையைப் பைக்குள் விடுவேன். பிள்ளை என் பக்கம் திரும்பி, "என்ன வாத்தியாரே, பொடியா?" என்பார். இல்லை என்று கையை வெளியே எடுத்துவிடுவேன். நாலைந்து தடவை இப்படி ஆனபின் பொடி மட்டையைத் தானே நீட்டினார். பழக்கமில்லாத எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது, திருச்சிராப்பள்ளி வரை நிற்கவில்லை.

பகல் பன்னிரண்டரைக்குத் திருச்சியில் மதுரை வண்டி பிடித்தோம். மணப்பாறையில் ஓரணாவுக்கு ஒரு கட்டு முறுக்கு. மணப்பாறை தாண்டியதும் எனக்குப் புதிய தேசமாகிவிட்டது. வயல் நடுவில் கல், வேலியில் கல், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வீடு வீடாகக் கல். எங்கள் ஊரில் ஒரு சில்லுக்கு நான் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன். திண்டுக்கல்லில் ஏறிய ஒரு குடியானவர் திருமங்கலத்துக்குப் போகிறவர். மாடு வாங்கப் போய் விலை படியாமல் திரும்புகிறாராம். பிள்ளை பையை மடியை விட்டு இறக்காமல் இருப்பதைப் பார்த்து, உள்ளே என்ன என்று கேட்டார். சாமி கல் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் சற்று யோசித்து ஒன்று கேட்டார்.

"தானா ஒடைஞ்சதாண்ணே, இல்ல எவனும் ஒடச்சுப்புட்டானா?"

கல் கலப்படம், வாத்தியார் கண்டுபிடித்தார் என்று பிள்ளை என்னைக் காட்டினார். குடியானவர் என்னை மரியாதையாகப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிறுமலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலை நன்றாகத்தான் இருந்தது. அதைப் பார்க்கிற மனநிலையில் நான் இல்லை.

மாலை ஐந்தரைக்கு மதுரை. ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சத்திரத்தில் இடம் கிடைத்தது. குளித்துவிட்டு மீனாட்சியம்மன் கோயிலுக்கு நடந்தோம். இந்தக் கோயிலைப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பத்து வருஷத்து ஆசை. ஆனால் உள்ளே போனதும் என் கண்ணுக்குச் சிற்பம் தெரியவில்லை, பொற்றாமரைக் குளம் தெரியவில்லை. தூண்கள் மட்டும் தெரிந்தன. ஒவ்வொரு தூணிலும் புள்ளி. கறுப்பு, வெள்ளை, சாம்பல், இங்கொன்றும் அங்கொன்றுமாக மினுக்கம். பிள்ளை என் வில்லையை வாங்கி ஒரு தூணின் மேல் வைத்து, ஒரு கண்ணை மூடி வெகுநேரம் பார்த்தார்.

"இதும் கலப்புக் கல்தானே, வாத்தியாரே?"

ஆமாம் என்றேன்.

"எம்மாம் வருஷமா நிக்குது?"

நூற்றுக்கணக்கான வருஷமாக இருக்கும் என்றேன். அவர் வில்லையைத் திருப்பிக் கொடுத்தார், மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. முக்குறுணிப் பிள்ளையார் சந்நிதியில் அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றபோது நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். அவ்வளவு பெரிய உருவத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கல்லே பிள்ளையாருக்கு உடம்பு என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சாப்பாடு நாலணா, ருசி தெரியவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மேலூர் பஸ் ஏறினோம். ஒத்தக்கடைக்கு இரண்டணா. வைகையைத் தாண்டி வடக்கே போனதும் மாட்டுத்தாவணியில் பஸ் நின்றுவிட்டது. ரோட்டை மறித்து மாடுகள் போய்க்கொண்டிருந்தன. கால் மணி நேரம் ஆயிற்று. எனக்கு அந்தக் கால் மணி நேரம் லாபம் என்று பட்டது. மாடுகள் நாள் பூராவும் போய்க்கொண்டிருந்தால்கூட நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். அங்கிருந்தே ஆனைமலை தெரிகிறது. இரண்டு மைல் நீளத்துக்கு ஒரே பாறை, துதிக்கையை நீட்டிப் படுத்த யானை மாதிரி, மரம் மட்டை இல்லாமல். எங்கள் பக்கத்து ஆளுக்கு அதைப் பார்த்தால் முதலில் நம்பிக்கை வராது. ஒரு கல் அவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்று.

ஒத்தக்கடையில் இறங்கி, வண்டிப் பாதையில் ஒன்றரை மைல் நடந்தோம். டொக் டொக் என்று சத்தம் முதலில் வந்தது, பட்டறை பின்னால் வந்தது. பட்டறை என்றால் நாலு வேப்பமரமும் ஒரு கீற்றுக் கொட்டகையும்தான். அம்மி, ஆட்டுக்கல், உரல், பாதி செதுக்கிய ஒரு நந்தி, சுற்றிலும் இடுப்பளவுக்குச் சில்லுக் குவியல். பெரியகருப்பன் செத்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. அவர் மகன் கருப்பையாவுக்கு என் வயதுதான் இருக்கும், நாற்பது. அவர் மனைவி விருமாயி அம்மியைக் கரகரப்பாக்க உளியால் பொளி போட்டுக்கொண்டிருந்தார். எங்களை வாங்கய்யா என்று அழைத்து, நிழலில் கல்லைத் துடைத்து உட்காரவைத்து, மோர் கொடுத்தார்கள். மன்னார்குடிப் பக்கத்துப் பிள்ளையார் என்றதும் கருப்பையாவுக்கு முகம் மலர்ந்தது. அப்பா செய்தது, வண்டியில் ஏற்றும்போது தானும் ஒரு கை பிடித்தேன் என்றார்.

ரத்தினம் பிள்ளை சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. "ஒங்கப்பா கலப்புக் கல்லைக் குடுத்துட்டார், சிலை ஒடஞ்சு போச்சு" என்று ஆரம்பித்து, தீர்மானத்தை முழுக்கச் சொல்லி முடித்தார். விருமாயியின் உளிச் சத்தம் நின்றது. கருப்பையா மோர்ச் செம்பை ஓரமாக நகர்த்திவைத்தார். அப்புறம், கலப்பில்லாத கல் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டார். பிள்ளை என்னைப் பார்த்தார். ஒரே பொருளாக இருக்க வேண்டும், எங்கே உடைத்தாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல் இருந்தது.

"இருக்கே. வாங்க காட்டுறேன்" என்று உளியையும் சம்மட்டியையும் எடுத்துக்கொண்டு நடந்தார்.

பட்டறைக்குப் பின்னால் பாறைச் சரிவு. ஒரு பனை உயரம் ஏறினோம். அங்கே பாறையின் குறுக்கே அகலமாக ஒரு பட்டை ஓடியது. கீழே கருங்கல்லில் அரிசியும் எள்ளுமாகக் கிடக்கிற மூன்று தினுசும் இந்தப் பட்டையில் தனித்தனியாக, தலையணை தலையணையாகக் கிடந்தன. நான் படத்தில் மட்டும் பார்த்தவை. வெள்ளையாக, கண்ணாடிபோல் இருந்த ஒன்றை எடுத்தார். வெங்கச்சான் கல் என்று பெயர் சொன்னார். எங்கள் புத்தகத்தில் அது படிகக்கல், சுத்தமான தாது. பிள்ளை வில்லையை வைத்துப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை. முகம் தெளிந்தது. இதுதான் வேண்டும் என்றார்.

கருப்பையா அதைப் பாறைமேல் வைத்து உளியால் ஒரே ஒரு போடு போட்டார். கல் சிதறி எங்கள் காலடியில் விழுந்தது. கண்ணாடித் தூள் மாதிரி, ஒவ்வொன்றும் கத்தி முனை. "இதுல மூக்கு வைக்க முடியுமா, தும்பிக்க வைக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். சதை நிறத்தில் இருந்தது, அதுவும் ஒரே பொருள். அடித்தால் படிக்கட்டு மாதிரி தட்டைத் தட்டையாகப் பெயர்ந்தது. மூன்றாவதற்கு உளியே தேவைப்படவில்லை. காக்காப்பொன், புத்தகத்தில் அபிரகம். நகத்தால் நெம்பினார்; வெங்காயத் தோல்போல் ஏடு ஏடாக உரிந்து வந்தது, காற்றில் ஒன்று பறந்துபோய் பிள்ளையின் மேல்துண்டில் ஒட்டிக்கொண்டது.

"கலப்பில்லாதது இம்புட்டுத்தான்யா. ஒன்னு நொறுங்கும், ஒன்னு பேந்துரும், ஒன்னு உரிஞ்சு போகும். மூணும் கூடிக் கெடந்தா..." என்று சொல்லி, நாங்கள் நின்ற பாறையில் உளியை வைத்துச் சம்மட்டியால் அடித்தார். மணி அடித்தது போல் சத்தம். உளி நுனி துள்ளியது. பாறையில் பாசிப்பயறு அளவு ஒரு வெள்ளைத் தடம், அவ்வளவுதான்.

நான் பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன். வருஷா வருஷம் பாடம் ஒப்பித்திருக்கிறேன்: பூமிக்குள் உருகிக் கிடந்த குழம்பு மெல்ல ஆறி அக்கினிப் பாறை ஆகிறது, கருங்கல் அதில் ஒன்று, அதில் பல தாதுக்கள் உண்டு. ஒப்பித்ததோடு சரி. கடலை மிட்டாயில் கடலையைப் பாகு பிடித்துவைத்திருக்கிறது. கருங்கல்லில் பாகு என்று தனியாக ஒன்று கிடையாது. ஆறும்போது ஒன்றுக்குள் ஒன்று வளர்ந்து, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. கலப்பு அதற்குக் குறை இல்லை, அதுதான் அது. இதை நான் ஊர்க் கூட்டத்தில் குறை என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டிருந்தேன். இது புரிந்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. ஏனென்றால் அடுத்து வரப்போகிற கேள்வி என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளை அதையே கேட்டார்.

"அப்போ எங்க பிள்ளையார் ஏன் ஒடஞ்சார்?"

மஞ்சள் பையை அவிழ்த்துத் துண்டைக் கையில் கொடுத்தார். கருப்பையா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெயிலில் திருப்பினார். பார்ப்பதைவிட அதிகமாகக் கட்டைவிரலால் தடவினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. மறுபடியும் தடவினார்.

"இது தானா ஒடையல. உளி பட்டிருக்கு. அஞ்சு தடவ அடிச்சிருக்கான். நாலு அடி பயந்து பயந்து அடிச்சது, மேலாக்க உக்காந்திருக்கு. அஞ்சாவத கண்ண மூடிக்கிட்டு அடிச்சிருக்கான், கல்லு எந்தப் பக்கம் பிளக்கும்ங்கிற வாட்டம் தெரியாம. சில்லு பேந்திருக்கு, தெறிப்பு விரிசலா உள்ள போயிருக்கு. அப்பறம் மழத் தண்ணி."

ஐந்து தடவை. நானே எண்ணவில்லை. ஐந்தாவது அடிக்கு நான் கண்ணை மூடிக்கொண்டது உண்மை. நேரில் பார்க்காத ஒரு மனுஷர் என் பயத்தை விரலால் தடவிப் படித்துவிட்டார். கோட்டுப் பையில் சில்லு சுடுகிற மாதிரி இருந்தது.

யார் அடித்தது என்று பிள்ளை கேட்டார். அது தனக்கு எப்படித் தெரியும், உங்கள் ஊர் ஆள், கல் வேலை தெரியாதவன், கொல்லன் உளி என்றார் கருப்பையா. பிள்ளைக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் ஊரில் பிள்ளையார்மேல் உளி வைக்கிற பாவி யார் இருக்கிறான், அப்பாவைக் காப்பாற்ற நீ சொல்கிறாய், வாத்தியார் புத்தகத்தைப் பார்த்தல்லவா சொன்னார் என்று என்னை இழுத்தார். நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. திறக்கவில்லை. மானேஜர் முகமும், வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள் முகமும் வரிசையாக வந்து நின்றன. சாமியை உடைத்த வாத்தியாரிடம் யார் பிள்ளையை அனுப்புவார்கள் என்ற எண்ணம் வந்தது. கீழே குனிந்து வெங்கச்சான் தூளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

பட்டறைக்கு இறங்கி வந்ததும் கருப்பையா எங்களைப் பார்க்காமலே சொன்னார்.

"கல்லு தாரேன். எங்கப்பா பேர மொதல்ல எடுங்க. பேர எடுக்காம உளி தொட மாட்டேன்."

அப்படியானால் வேறு பட்டறை பார்க்கிறோம் என்று பிள்ளை துண்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். போகிறபோது இன்னொன்றும் சொன்னார். எங்கள் பக்கத்தில் இன்னும் ஏழெட்டுக் கிராமங்களில் பெரியகருப்பன் செய்த மூர்த்திகள் இருக்கின்றன. அத்தனை ஊர் தர்மகர்த்தாக்களுக்கும் எழுதிச் சோதிக்கச் சொல்லப் போகிறோம் என்றார்.  விருமாயி முந்தானையால் முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டு பொளி போட ஆரம்பித்தார். அந்தச் சத்தம் எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டே இருந்தது.

வண்டிப் பாதையில் இரண்டு பர்லாங் நடந்திருப்போம். மணி பதினொன்றரை. பிள்ளை அடுத்த பட்டறை எங்கே என்று எதிரே வந்த ஆளைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏழெட்டு ஊர் என்று அவர் சொன்னது என் காதில் நின்றுவிட்டது. ஏழெட்டு ஊரிலும் வில்லையை வைத்துப் பார்ப்பார்கள். எல்லாவற்றிலும் மூன்று தினுசு இருக்கும். எல்லாம் கலப்புக் கல் ஆகிவிடும். செத்துப்போன ஒரு மனுஷர் ஊர் ஊராகத் திருடன் ஆகிவிடுவார், என் ஒரு வரியினால். நான் பிள்ளையிடம் ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தேன். ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். பின்னால் "வாத்தியாரே, வாத்தியாரே" என்று அவர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

கருப்பையாவுக்கு முன்னால் போய் நின்று கோட்டுப் பையிலிருந்து சில்லை எடுத்தேன்.  ரத்தினம் பிள்ளை மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் அவர் பையை நானே வாங்கித் துண்டை வெளியே எடுத்து, பள்ளத்தில் சில்லை வைத்தேன். பொருந்திவிட்டது. கோடுகூடத் தெரியவில்லை. ஒரு கறுப்புப் புள்ளி, பாதி இதிலும் பாதி அதிலும் இருந்தது, ஒன்றாகிவிட்டது.

"நான்தான் அடிச்சேன். ஒங்கப்பா கல்லுல ஒரு குத்தமும் இல்லை. பயத்துல அவர் மேல பழியைப் போட்டுட்டேன்."

ரத்தினம் பிள்ளை அப்படியே உரல்மேல் உட்கார்ந்துவிட்டார். கருப்பையா என்னைப் பார்க்கவில்லை, பொருந்திய கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்காக அடித்தீர்கள் என்று கடைசியில் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பெட்டியைப் பற்றிச் சொன்னேன், இன்ஸ்பெக்டரைப் பற்றிச் சொன்னேன், எங்கள் ஊரில் கல் கிடையாது என்று சொன்னேன். பிள்ளைகளுக்குக் காட்ட ஒரே ஒரு சில்லு வேண்டியிருந்தது என்றேன். அப்போது விருமாயி உளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். இடுப்பளவுக்குக் கிடந்த குவியலைக் காட்டினார்.

"இதுக்காகவாய்யா சாமியக் கொத்துனீக? இங்க வண்டி வண்டியாக் கெடக்கு. ரோட்டுக்கு அள்ளிப் போடுறோம். ஒரு காயிதம் போட்டிருந்தா மூட்டை கட்டி அனுப்பியிருப்போமே."

எனக்கு அழுகை வந்தது. நாற்பது வயது ஆள் மூன்று பேருக்கு முன்னால் நின்று அழுதேன், வேறென்ன சொல்ல.

அப்புறம் நடந்தவை சுருக்கம். கருப்பையா கேட்டபடி, மானேஜருக்கு ஒரு கடிதம் அங்கேயே அம்மிக்கல்மேல் வைத்து எழுதினேன். கருப்பையாவுக்குப் படிக்கத் தெரியாது, வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அப்பா என்று மட்டும் போட்டிருக்கிறது, பேரையும் போடுங்கள் என்றார். பெரியகருப்பன் என்று சேர்த்தேன். சாட்சிக்கு ரத்தினம் பிள்ளை கையெழுத்துப் போட்டார்.  சிலைக்கு விலை நாற்பது ரூபாய், பங்குனிக்குள் முடித்துத் தருவதாகப் பேச்சு. இனாம் என்ற பேச்சையே பிள்ளை எடுக்கவில்லை. எங்கள் பிள்ளையாருக்குக் குறித்த கல்லைக் காட்டினார்கள். சாம்பல் நிறம், வெள்ளையும் கறுப்பும் சிவப்புமாக நிறையப் புள்ளி. பிள்ளை வில்லை கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் திரும்பினோம். போகும்போது பிள்ளையிடம் ஒரு பை, திரும்பும்போது என்னிடமும் ஒரு பை. விருமாயி வெங்கச்சான் கல், சதை நிறக் கல், காக்காப்பொன், கருங்கல் என்று அள்ளிப் போட்டுக் கோணிப்பையைக் கட்டிக் கொடுத்திருந்தார். பத்து சேர் இருக்கும், தோள் கழன்றது. திண்டுக்கல் வரை பிள்ளை வாய் திறக்கவில்லை. திண்டுக்கல் தாண்டியதும் பொடி மட்டையை எடுத்து, ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டு, கொஞ்சம் யோசித்து என் பக்கம் நீட்டினார். நான் எடுத்துக்கொண்டேன்.

மானேஜர் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். அதே கூட்டத்தைக் கூட்டி, அதே இடத்தில் நின்று, என் வாயாலேயே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். தீர்மானத்தை அடித்துவிட்டு என்னையே கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். வேலையை எடுக்கவில்லை. ஆனால் கும்பாபிஷேகத்தன்று நான் குளத்தின் எதிர்க்கரையில்தான் நின்றேன், யாரும் சொல்லாமலே. என் பெட்டியில் இப்போது 'தாது' என்று மூன்று அறை, 'பாறை' என்று ஓர் அறை. கருங்கல் அறையில் ஒத்தக்கடை ரோட்டுக்குப் போக வேண்டிய ஒரு சில்லு இருக்கிறது.

பழைய சில்லை அதில் வைக்கவில்லை. உடைந்த துண்டோடு அதைப் பொருத்தி, நூலால் சுற்றிக் கட்டி, மூர்த்தியை விட்ட துறையிலேயே பாமணியாற்றில் கழுத்தளவு தண்ணீரில் இறங்கிப் போட்டேன். மதுரைக்காரர்கள் கல்லின்மேல் நடக்கிறார்கள், கல்லின்மேல் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், எந்தக் கல்லையும் அவர்கள் நின்று பார்ப்பதில்லை. எங்கள் ஊரில் எவ்வளவு தோண்டினாலும் களிமண்தான். ஆனால் ஓர் இடத்தில் மட்டும் கல் இருக்கிறது, அது எந்தத் துறை, எத்தனை அடி ஆழம் என்று எனக்குத் தெரியும். குளிக்கிறவர்கள் அந்தத் துறையில் இறங்கும்போது காலில் ஏதாவது தட்டுப்பட்டதா என்று இன்றைக்கும் அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன்.